துஷான்பேயில் என் பெயர் வேலாயுதம்

நான் பயந்தவன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது இலகு. விசுவமடுக் குளக்கட்டில் சாரைப்பாம்பு போனாலும் நான் கட்டை விட்டு இறங்கிவிடுவேன். ஹெலிச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுப் பங்கர்க் குழிக்குள் முதலில் குதிப்பதும் நான்தான். "பிள்ளையளை விட்டிட்டு ஓடுறியளே, உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று மனைவி கேட்பாள். வெட்கம் இருக்கிறது. ஆனால் கால் அதைக் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் தொண்ணூற்றோராம் ஆண்டு தஜிகிஸ்தானுக்குப் போய் மூன்று வாரம் கால்வாய்ப் பாசனம் படித்துவரும்படி எங்கள் திணைக்களம் எழுதியது. நான் குளங்களுக்குப் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தர். சண்டை நடக்கிற இடத்தில் இருந்தாலும் சம்பளமும் கடிதமும் கொழும்பிலிருந்துதான் வரும், பிந்தி வரும். பள்ளிக்கூடத்து உலகப்படத்தில் அந்த இடத்தைத் தேடினோம். சோவியத் நாட்டின் கீழ் விளிம்பில் சுண்டுவிரல் நகத்தளவில் கிடந்தது. அந்த நகம் கழன்றுகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எங்கள் பாடே போதும்.

வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். மனைவி பிள்ளைகளை ஏற்கமாட்டார்கள்; வேறொரு வீட்டுக்காரர், காணியோடு இருக்கிறவர், கையெழுத்து வைக்கவேண்டும். போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள், காணி என்னவாகும் என்பதெல்லாம் ஊரில் ஆளுக்கொரு விதமாகக் கதைத்தார்கள். எனக்கு முப்பது நாள் தந்தார்கள். முப்பதாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு முன் கிளிநொச்சிப் பாஸ் கந்தோரில் நான் நேரில் போய் நிற்கவேண்டும்.

மனைவியின் தமையனிடம் கேட்டேன். "மச்சான், குறை நினையாதை. நீ அங்கை நிண்டிட்டியெண்டா நான் என்ன செய்யிறது? எனக்கு ரெண்டு பெட்டையள் இருக்கு," என்றார். வெளிநாடு போகிறவன் திரும்பி வருவான் என்று நம்ப அந்தக் காலத்தில் ஊரில் யாருமில்லை. இன்னும் நான்கு வீட்டுப் படலையைத் தட்டினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் தந்தார்கள், கையெழுத்துத் தரவில்லை.

எங்கள் குளத்தின் துருசை, தண்ணீர் விடுகிற மதகை, திறந்து பூட்டுகிறவர் வேலாயுதம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்து விசுவமடுவில் காடு வெட்டி இரண்டு ஏக்கர் செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பிரசாவுரிமைக் காகிதம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் நாற்பத்தைந்து வயதாகியும் ஒரு தேர்தலிலும் வாக்குப் போட்டதில்லை. வருடா வருடம் விதைப்புக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளுக்கு விவசாயிகள் கை உயர்த்துவார்கள், நான் எண்ணுவேன். வேலாயுதத்தின் காணி பாய்ச்சலுக்கு வெளியே இருந்தபடியால் அங்கேயும் அவர் கை உயர்த்த முடியாது. சனம் இருக்க வாங்கு தூக்கிப் போட்டுவிட்டுப் பின்னால் நிற்பார்.

"நான் வைக்கிறேங்க ஐயா கையெழுத்து," என்றார்.

"யோசிச்சுச் சொல்லும். நான் வராட்டி உம்மைத்தான் பிடிப்பினம்."

"வந்துருவீங்க."

"அதெப்பிடித் தெரியும்?"

"நீங்க பயந்தவருங்க ஐயா. அங்க தனியா எப்படி இருப்பீங்க?"

அவர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பாஸ் கந்தோரில் தன் பெயரை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். "தண்ணி தொறக்கிறதுக்கு முந்தி வந்துருங்க," என்று மட்டும் சொன்னார்.

துஷான்பே அவர்களின் தலைநகர். நான் முதலில் பார்த்தது மலையையோ கட்டடத்தையோ அல்ல, வீதியோரத்து வாய்க்காலை. ஒவ்வொரு தெருவிலும் மரங்களுக்குக் கீழே தெளிந்த தண்ணீர் ஓடுகிறது. யாரும் அதற்குள் குப்பை போடவில்லை. எங்கள் ஊரில் வாய்க்காலைத் துப்புரவாக்கக் கூலிக்கு ஆள் பிடித்து, அவர்களுக்குப் பின்னால் அலைந்து, கடைசியில் வேலாயுதமும் நானும் மண்வெட்டியோடு இறங்குவோம். துஷான்பேயில் வந்திறங்கிய அந்த ஒரு பின்னேரம் மட்டும் எனக்குப் பயமில்லாமல் இருந்தது.

எங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் பரீதா. விவசாயக் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். கோடு கோடாகப் பல நிறம் ஓடும் பட்டுச்சட்டை, அதற்குக் கீழே அதே துணியில் காற்சட்டை. முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வட்ட ரொட்டி வைத்தார்கள். எங்கள் வீட்டுக் குசினியில் ரொட்டியைத் திருப்பிப் போடுகிற பழக்கத்தில் நான் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மேசையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பரீதா கையை நீட்டி ரொட்டியை நிமிர்த்தி வைத்தார். "இங்கே ரொட்டியைக் கவிழ்ப்பதில்லை," என்றார். எங்கேயும் ஒரு சட்டம் இருக்கும், அதை நான்தான் முதலில் மீறுவேன்.

கொழுப்பு மிதக்கும் இறைச்சிச் சோறும் பச்சைத் தேத்தண்ணீரும் நாள்தோறும் வந்தன. நான் வெள்ளிக்கிழமை விரதக்காரன் என்று சொல்லியும் சமையல்காரி விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைச் சோற்றுக்குள் மறைத்துத் தந்தார். வெள்ளரிப்பழம் மட்டும் அமிர்தம். வெட்டிய துண்டை வாயில் வைத்தபோது பிள்ளைகளின் ஞாபகம் வந்தது.

நகரத்தில் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ் உண்டு. மூன்றாம் நாள் அதில் போகும்போது தலைக்கு மேல் படாரென்று ஒரு வெடிச்சத்தம். நான் பஸ்ஸின் தரையில் குப்புறப் படுத்துவிட்டேன், காதிரண்டையும் பொத்திக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் யாரோ முதுகில் தட்டினார்கள். கம்பியைத் தொடும் கோல் நழுவியிருக்கிறது. சாரதி ஏணியில் ஏறி அதைக் கொளுவிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி என்னை எழுப்பித் தன் ஆசனத்தில் இருத்தி, பையிலிருந்து ஒரு கொத்துக் கொடிமுந்திரிகைப்பழம் எடுத்துத் தந்தார். "எங்கிருந்து வந்திருக்கிறான் பாவம்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைப் பரீதா மொழிபெயர்த்தார். நான் பழத்தைத் தின்றேன்.

அந்தப் பஸ் நின்ற இடம் நாடாளுமன்றச் சதுக்கம். அங்கே கூடாரங்கள் போட்டிருந்தார்கள். கிராமங்களிலிருந்து வந்த ஆண்கள் கோடு போட்ட நீள அங்கியோடு கம்பளம் விரித்து இருந்தார்கள். சிலர் உண்ணாவிரதம். பழைய கட்சி போகவேண்டும், தேர்தல் வைக்கவேண்டும், வாக்குச்சீட்டில் ஒன்றுக்கு மேல் பெயர் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கேட்டது. இத்தனை காலமும் அங்கே ஒரே ஒரு பெயர்தானாம். எதிரே படையினர் வாகனங்களோடு நின்றார்கள். நான் பரீதாவின் பின்னால் ஒளிந்து நடந்தேன். அவர் என் தோளுயரம்தான்.

ஒரு மேசையில் கொப்பி ஒன்று விரித்திருந்தது. தேர்தல் கேட்கிறவர்கள் பெயரும் விலாசமும் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். பட்டப்பகல். படையினர் நாற்பது அடி தூரத்தில். பரீதா குனிந்து, வீட்டு இலக்கமும் தெருவும் சேர்த்து வடிவாக எழுதினார்.

கொப்பியில் பெயர் எழுதினால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இன்றைக்கு எழுதுவார்கள், ஒரு மாதம் கழித்து அதே கொப்பியோடு படலையைத் தட்டுவார்கள். எந்தப் பக்கத்தவர் என்றில்லை. சுற்றிவளைப்பில் பிடித்து வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதும்போது என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்மைப் பெயரைச் சொன்னான். அவன் இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை.

"ஏன் எழுதினீர்கள்?" என்று பரீதாவிடம் கோபமாகவே கேட்டேன். "உங்களுக்கு விசரா? விலாசத்தையாவது மாற்றி எழுதியிருக்கலாம்."

பரீதா என்னை அதிசயமாகப் பார்த்தார். "பெயரை மாற்றி எழுதினால், கேட்டது நான் என்று எப்படித் தெரியும்?" என்றார்.

இந்தப் பெண் ஒருநாளைக்குப் படுவார் என்று மனதுக்குள் நினைத்தேன்.

இரண்டாம் கிழமையில் சதுக்கத்திலிருந்த பழைய தலைவரின் பெரிய சிலையைக் கயிறு கட்டி இறக்கினார்கள். மறுநாள் நாடாளுமன்றம் கூடி, ஜனாதிபதியாக இருந்தவரை அகற்றி இன்னொருவரை இருத்தி, அவசரகாலச் சட்டம் போட்டது. எனக்குத் தெரிந்த அவசரகாலச் சட்டம் என்றால் நாய்கூடத் தெருவில் நிற்காது. இங்கே வானொலி அறிவித்த பிறகு கூடாரங்கள் கூடின. எழும்பிப் போங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது, ஒருவரும் எழும்பவில்லை. சுடப்போகிறார்கள் என்று நான் விடுதிக் கட்டிலுக்குக் கீழே ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். ஒரு வெடியும் கேட்கவில்லை. சமையல்காரி வந்து குனிந்து பார்த்து, தேத்தண்ணீரைக் கட்டிலுக்குக் கீழேயே தள்ளிவிட்டுப் போனார்.

பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஊருக்குப் போங்கள் என்றார்கள். விமானங்களைக் குறைத்துவிட்டபடியால் கையிலிருந்த ரிக்கெற்றைக் கொண்டுபோய் மீண்டும் இடம் பதியவேண்டும். அன்றைக்கு என் பாஸில் பதினாறாம் நாள். இன்னும் பதினான்கு இருக்கிறது, காணும் என்று நினைத்தேன். பதிகிற இடத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. ஒரே ஒரு யன்னல், வாசலில் இருந்து தெருமுனைவரை சனம். நாட்டை விட்டுப் போகும் ரஷ்யக் குடும்பங்கள், வியாபாரிகள், மூட்டைகள்.

நான் கடைசியில் போய் நின்றேன். உடனே ஒரு பெண் வந்தார். பருத்த உடம்பு, மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், கையில் ஒரு கொப்பி. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். பரீதா அன்றைக்கு என்னோடு வரவில்லை. ஆனால் கொப்பியோடு ஒருவர் முன்னால் வந்து நின்று என்ன கேட்பார் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

வாய் தன்பாட்டில் சொன்னது, "வேலாயுதம்."

ஏன் அந்தப் பெயர் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தேன். அந்த முப்பது நாளும் என் தலைக்குள் இருந்தது அந்த ஒரு பெயர்தான், வேறென்ன. கொப்பிக்காரி அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்து எழுதி, என் உள்ளங்கையில் பென்சிலால் 143 என்று போட்டார்.

பின்னேரம் பரீதா விளங்கப்படுத்தினார். அந்தக் கொப்பி அரசாங்கத்தின் கொப்பி அல்ல. வரிசையில் நிற்கிற சனமே வைத்திருப்பது. அவர்களுடைய நாட்டில் சீனிக்கும் சப்பாத்துக்கும் இப்படித்தானாம். நாள் முழுக்க நிற்கத் தேவையில்லை. காலை எட்டு மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும் கொப்பிக்காரி இடாப்புக் கூப்பிடுவார். பெயர் கேட்டதும் கை உயர்த்தி இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஒருநேரம் தவறினாலும் வெட்டிவிடுவார்கள். பாதுகாப்பான கொப்பி என்று தெரிந்த பிறகு பெயரைத் திருத்தியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னதை எப்படிச் சொல்வது? பரீதாவிடம்கூட மறைத்தேன். அவர் அதை என் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

"வேலாயுதம்!" என்று கொப்பிக்காரி கத்துவார். ரஷ்ய வாயில் அது வெலையூடம் என்று வரும். நான் கை உயர்த்துவேன். முதல் நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் கூப்பிட முதலே கை போய்விடும். பக்கத்தில் நிற்பவர்கள் காலையில் "வெலையூடம், வெலையூடம்" என்று கை தந்தார்கள். பூவேலைத் தொப்பி போட்ட ஒரு வியாபாரி, எனக்கு அடுத்த இலக்கம் 144, தினமும் எனக்கு வறுத்த கடலை தருவார். பகலில் கடைத்தெருவில் வேலாயுதத்துக்கு ஒரு ரோச் வாங்கினேன். பற்றரி வேண்டாம்; பிடியைக் கையால் அமுக்க அமுக்க எரியும். பற்றரி வரத் தடையுள்ள எங்கள் ஊரில் இருட்டில் துருசுக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் வரிசை நகரவில்லை. பதினெட்டாம் நாள், பத்தொன்பதாம் நாள், இருபதாம் நாள். ஒவ்வொரு நாளும் இருபது இருபத்தைந்து பேருக்குத்தான் இடம். நான் விரல் மடித்து எண்ணுவேன்: மொஸ்கோவில் இரண்டு நாள், கொழும்பு, வவுனியா, இராணுவச் சோதனைச் சாவடி. ஒரு நாள் பிந்தினாலும் வேலாயுதம் உள்ளே. அவர் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நான் என்ன சொல்வேன்? சாப்பாடு இறங்கவில்லை. சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை, அவர்கள் விரும்பி இருந்தார்கள்.

இருபத்தோராம் நாள் என் முறை வந்தது. பரீதாவையும் கூட்டிக்கொண்டு யன்னலுக்குப் போனேன். உள்ளேயிருந்தவள் கடவுச்சீட்டை விரித்து, கொப்பிக்காரி பெயர் எழுதித் தந்த துண்டைப் பார்த்து, மறுபடியும் கடவுச்சீட்டைப் பார்த்தாள். துண்டில் வேலாயுதம். கடவுச்சீட்டில் சிவநேசன்.

பின்னால் நின்ற தொப்பிக்காரர்தான் முதலில் சத்தம் போட்டார். "இவன் இடத்தை விலைக்கு வாங்கியிருக்கிறான்," என்று சொன்னாராம். வரிசையில் இடம் விற்கிறவர்கள் அங்கே உண்டு. சனத்துக்கு அவர்களில் அவ்வளவு ஆத்திரம். நாலு பக்கத்தாலும் ஆட்கள் நெருங்கினார்கள். கொப்பிக்காரி பென்சிலை எடுத்தார். வெட்டினால் நான் கடைசிக்குப் போகவேண்டும், நானூற்றுக்கு அங்கால். இன்னும் இரண்டு கிழமை. நான் மூட்டையொன்றின் மேல் இருந்துவிட்டேன்.

"உங்கள் பெயரே வேறா?" என்று பரீதா கேட்டார். அவர் முகம் கறுத்துவிட்டது.

வேறு வழியில்லை, சொன்னேன். எங்கள் ஊரில் கொப்பியில் பெயர் எழுதுவது எப்படி முடியும் என்று சொன்னேன். பாஸ் என்றால் என்ன, பிணை என்றால் என்ன என்று சொன்னேன். வேலாயுதம் யார் என்று சொன்னேன். "என் சொந்தச் சனம் கையெழுத்து வைக்கவில்லை, அவர் வைத்தார். ஒன்பது நாளில் நான் போய் நிற்காவிட்டால் அவரைப் பிடித்து வைப்பார்கள். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் அவருடைய பெயரைச் சொல்லிவிட்டேன்." சொல்லும்போது அழுதேன். வெட்கப்படக்கூட நேரமில்லை.

பரீதா கதிரை ஒன்றில் ஏறி நின்று மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். சத்தம் அடங்கியது. ஒரு கைக்குழந்தைக்காரி இடையில் ஏதோ கேட்டாள்.

"அந்த வேலாயுதம் இப்போது எங்கே என்று கேட்கிறாள்."

"வாய்க்கால் கரையில் நிற்பார்," என்றேன். "என் வரவைப் பார்த்துக்கொண்டு."

கொப்பிக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வரிசையின் சட்டத்தை வரிசைதான் மாற்றலாம், தன்னால் தனியே மாற்ற முடியாது என்றார். பிறகு குரலை உயர்த்தினார். பரீதா என் காதுக்குள் சொன்னார்: "இலக்கம் நூற்றுநாற்பத்துமூன்று, வேலாயுதம். இவருடைய இடம் இருக்கட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்."

எங்கள் விதைப்புக் கூட்டத்தில் நடப்பது அப்படியே அங்கே நடந்தது. வாழ்நாள் முழுக்கக் கை எண்ணியவன் நான். பழக்கத்தில் எண்ணத் தொடங்கினேன்; நாற்பதுக்கு மேல் கண்ணீர் மறைத்துவிட்டது. கொப்பிக்காரி இரண்டு தரம் எண்ணினார். ஆம் என்று எழுபத்தொன்று. பிறகு வேண்டாம் என்பவர்களைக் கேட்டார். ஐம்பத்தெட்டு. தொப்பிக்காரரின் கை வேண்டாம் என்றதில்தான் இருந்தது, நன்றாக உயர்ந்து.

கொப்பிக்காரி வேலாயுதம் என்ற பெயரை வெட்டாமல், பக்கத்தில் பென்சிலை வைத்து என் பெயரைக் கேட்டார். "சிவநேசன்," என்று சொன்னேன், என் பெயரைத்தான். அவர் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

இருபத்துநான்காம் நாள் விமானத்தில் இடம் தந்தார்கள். யன்னலில் இருந்து திரும்பும்போது தொப்பிக்காரருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று பயந்தேன். எதிராக வாக்குப் போட்டவர் என்றால் எங்கள் பக்கத்தில் இனிமேல் எதிரிதான். அவர் கடலைச் சரையை நீட்டினார். "சட்டம் சட்டம்தான், நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்," என்றாராம். "ஆனால் உன் ஆள் வென்றுவிட்டான். நீ போ." நான் புறப்பட்ட அன்று என் பெட்டியை அவர்தான் பஸ்வரைக்கும் தூக்கி வந்தார்.

அன்று காலையும் சதுக்கத்தில் கூடாரங்கள் இருந்தன. தேர்தல் நடக்கத்தான் போகிறது என்று பரீதா சொன்னார். "பிறகு என்னவாகும் என்று தெரியாது. எனக்கும் பயம்தான்," என்றார். அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம். பின்னாளில் அந்த நாட்டில் சண்டை மூண்டது என்று வானொலியில் கேட்டபோது அவர் எழுதிய வீட்டு இலக்கமும் தெருவும்தான் என் ஞாபகத்துக்கு வந்தன. அவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இருபத்தெட்டாம் நாள் வவுனியா வந்து சேர்ந்தேன். மறுநாள் பாதை திறக்கவில்லை. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை. சாவடிக்கு முன்னால் மர நிழலில் நூற்றுக்கணக்கான சனத்தோடு பொழுது சாயும்வரை இருந்தேன். இங்கே கொப்பியும் இல்லை, இலக்கமும் இல்லை, இடித்தவன் முன்னுக்கு. முப்பதாம் நாள் காலை பத்து மணிக்கு விட்டார்கள். பெட்டியைக் கிண்டிய சாவடிக்காரர் ரோச்சை எடுத்து அமுக்கிப் பார்த்தார், சிரித்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு தன் பொக்கற்றில் போட்டார். நான் பெட்டியைப் பூட்டினேன்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே கிடந்த சூனியப் பிரதேசத்தை நடந்து கடந்து, ஓமந்தையில் ஒரு ட்ரக்டர் பெட்டியில் தொற்றினேன். கனகராயன்குளத்தில் அது நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரம், புகையைக் கக்கிவிட்டுப் பேசாமல் கிடந்தது. மணி பன்னிரண்டரை. சாரதி "பொறுங்கோ அண்ணை, சூடு ஆறட்டும்," என்றார். நான் பொறுக்கவில்லை. தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் என் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சைக்கிளை வாங்கி ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனை மணி என்று தெரியாமல் கிளிநொச்சிவரை மிதித்தேன். நிழல் நீண்டுகொண்டே போனது. நான்கு மணி போயிருக்குமோ என்று வழியில் கண்ட எல்லோரையும் கேட்டேன்.

பாஸ் கந்தோரில் சனம் வாங்குகளில் இருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு பொடியன், இருபது வயதிருக்கும், பெரிய கொப்பியை விரித்து அன்றைக்குத் தவணை முடிகிற பாஸுகளுக்குப் பிணை நின்றவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். நான் கதவடியில் நின்று மூச்சு வாங்கினேன். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

"வேலாயுதம்."

என் கை உயர்ந்துவிட்டது.

பொடியன் நிமிர்ந்தார். "நீங்களோ வேலாயுதம்?"

"இல்லைத் தம்பி. அவர் எனக்குத்தான் பிணை நிண்டவர். நான் சிவநேசன்."

"அப்ப ஏன் கையைத் தூக்கினனீங்கள்?"

அப்போதுதான் மூலை வாங்கில் இருந்து ஒருவர் எழும்பினார். வேலாயுதம். யாரும் கூப்பிட்டனுப்பாமலே காலையில் தானாக வந்து இருந்திருக்கிறார். மடியில் ஒரு பை. சாரம் ஒன்று, பாதிச் சவர்க்காரம், ஒரு தகரக் கோப்பை. உள்ளே போகவேண்டிவரும் என்று ஆயத்தமாக வந்திருக்கிறார்.

பொடியன் மணியைப் பார்த்தார். நான்குக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கொப்பியில் ஒரு கோடு போட்டு, "ரெண்டு பேரும் போகலாம்," என்றார்.

வெளியே வந்தோம். வேலாயுதம் என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி மிதித்தார்.

"நான் வரமாட்டன் எண்டு நினைச்சிட்டியளோ?" என்று கேட்டேன்.

"வருவீங்கன்னு தெரியுங்க. அங்கேயே இருந்துட்டா நல்லதுன்னும் நினைச்சேன். ஒரு ஆளாச்சும் தப்பிச்சிருப்பீங்கள்ல."

நான் கரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கொரு ரோச் வாங்கினனான். சாவடியிலை எடுத்திட்டாங்கள்."

"பரவால்லைங்க ஐயா. நீங்க வந்ததே போதும்."

அப்போது சொன்னேன். அவர் பெயரை நான் கொப்பியில் கொடுத்தது, நாளுக்கு இரண்டு தரம் கை உயர்த்தியது, பிடிபட்டது, சனம் கூடி வாக்கெடுத்தது எல்லாம். சைக்கிள் மெதுவாகியது. கடைசியில் நின்றுவிட்டது. அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டா? எம் பேருக்கா?"

"ஓம். உங்கடை பேருக்குத்தான்."

"எத்தினி கை?"

"எழுபத்தொண்டு. எதிர் ஐம்பத்தெட்டு. வெண்டிட்டியள்."

அவர் மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். விசுவமடுவுக்கு வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது. அவர் வீட்டுப் படலையில் மனைவி நின்றா. பையைக் கண்டதும் அவவுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா. வேலாயுதம் சைக்கிளை வேலியில் சாய்த்தார்.

"அழுவாத புள்ள," என்றார். "எழுபத்தியொரு கை."